திரையிசைத் தொகையைக் கேட்கும் முறை

புறநானூற்றுப் பாட்டுகளின் கீழே பெரும்பாலும் ஒரு சிறு குறிப்பு இருக்கும். திணை இது, துறை இது, இன்னாரை இன்னார் பாடியது என்று அது சொல்லும். வகுப்பறையில் ஆசிரியர் அக்குறிப்பை முதலில் விளக்கிவிட்டே பாட்டிற்குள் செல்வது வழக்கம். குறிப்பைக் கையால் மறைத்துக்கொண்டு பாட்டை மட்டும் படித்தால் என்ன ஆகும்? சில பாட்டுகள் தவிக்கும். யார் யாரிடம் பேசுகிறார் என்பதே விளங்காது. சில பாட்டுகள் எந்தத் துணையும் வேண்டாமல் நெஞ்சைத் தொடும். இன்னும் சில, குறிப்புக் காட்டும் எல்லையைத் தாண்டி விரிந்த பொருளைத் தரும். சங்கப் பாட்டில் பழகியோர் இம்மூன்றையும் அறிவர்.

திரைப்படத்தின் பின்னணி இசையைப் படத்தினின்றும் பிரித்து இசைத்தட்டாக வெளியிடும்போதும் இதே கேள்வி எழுகிறது. காட்சி என்னும் குறிப்பு மறைந்துவிட்டது. இசை தவிக்குமா, நிற்குமா, விரியுமா?

ஈண்டுப் பின்னணி இசை என்றது பாட்டைக் குறிப்பதன்று. உரையாடலுக்கு அடியிலும், உரையாடல் நின்ற மௌனத்திலும், ஓட்டத்திலும், சாவிலும் ஒலிக்கும் கருவியிசையே அது. தமிழ்த் திரைத்துறையார் அதனை ‘ரீரிக்கார்டிங்’ என்பர். தமிழில் ‘படத்தின் இசை’ என்று கேட்டால் கிடைத்து வந்தது பாட்டே. தட்டு போய் ஒலிநாடா வந்தது. ஒலிநாடா போய்க் குறுந்தட்டு வந்தது. இன்று கைப்பேசியே போதும் என்றாகிவிட்டது. கருவி மாறியதேயன்றி இந்த வழக்கம் பெரிதும் மாறவில்லை.

மேலை நாட்டிலும் தொடக்கத்தில் இவ்விசையைத் தனியே கேட்க ஆள் இருக்கும் என்ற துணிவு வணிகருக்கு இல்லை. 1942ஆம் ஆண்டில் ‘தி ஜங்கிள் புக்’ என்ற படம் வெளிவந்தது. இசையமைத்தவர் ஹங்கேரியில் பிறந்த மிக்லோஷ் ரோஜா. நடித்தவர் மைசூர்ச் சீமையில் யானைப்பாகன் மகனாகப் பிறந்த சாபு. அப்படத்தின் இசையைத் தட்டுகளாக வெளியிட்டபோது, சாபு கதை சொல்லிச் செல்ல, அவர் சொல்லுக்குத் துணையாக இசை ஒலிக்குமாறு அமைத்தார்கள். அமெரிக்கப் படமொன்றின் பின்னணி இசை விற்பனைக்கு வந்த முதல் முயற்சிகளுள் அது ஒன்று. நிமிடத்திற்கு 78 முறை சுழன்ற அக்காலத் தட்டு, பக்கம் ஒன்றுக்கு நான்கைந்து நிமிடத்திற்குமேல் ஓடாது. 1948ஆம் ஆண்டில் எல்.பி. தட்டு வந்து, ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்திற்குமேல் அடங்கும் என்ற நிலை ஏற்பட்ட பிறகே, இத்தகைய இசை தொடர்ந்து பேச இடம் கிடைத்தது.

சாபுவின் தட்டை நினைக்கும்போது தமிழர் வீட்டுக் ‘கதை வசன’த் தட்டுகள் நினைவுக்கு வருவது இயல்பு. ‘திருவிளையாடல்’ (1965) படத்தின் உரையாடல் ஒலிக்காத கோயில் திருவிழா ஒரு காலத்தில் அரிது. 1984ஆம் ஆண்டின் ‘விதி’ படத்து நீதிமன்ற வாதங்கள் ஒலிநாடாவில் ஊர்தோறும் கேட்டன. பின்னணி இசையும் அவற்றோடு சேர்ந்து வீட்டிற்குள் வந்தது. ஆனால் சொல்லுக்கு அடியில் மறைந்து வந்தது. இறைவனுக்கும் நக்கீரருக்கும் நடக்கும் வாதத்தை ஒரு சொல் பிசகாமல் ஒப்பிப்போர் பலர் உளர். அந்தப் படத்தில் சொல் ஓய்ந்த இடங்களில் என்ன கருவி ஒலித்தது என்று கேட்டால் அவர்களே விழிப்பர். இது குறையாகச் சொல்லப்படுவதன்று. சொல்லின் மேல் இவ்வளவு பற்றுக்கொண்ட செவி, சொல்லில்லா இசையைக் கேட்கத் தனிப் பயிற்சி பெறவேண்டும் என்பதற்காகவே சொல்லப்படுகிறது.

அப்பயிற்சிக்கு ஏற்ற நூல் ஒன்று வேண்டுமானால், 1977ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ இசைத்தொகையை எடுத்துக்கொள்ளலாம். ஜான் வில்லியம்ஸ் அமைத்து, லண்டன் சிம்பொனி இசைக்குழு வாசித்தது. இரண்டு எல்.பி. தட்டுகள், நான்கு பக்கங்கள், பதினாறு பகுதிகள், ஏறத்தாழ எழுபத்தைந்து நிமிடம். படம் விண்வெளிப் போர்க்கதை. சிறைப்பட்ட இளவரசி ஒருத்தி, அவளை மீட்கப் புறப்படும் இளைஞன், அவனுக்கு வழிகாட்டும் முதியவர் என்று நம் நாட்டுப் பாட்டிமார் கதைபோலவே செல்வது. படம் பாராதவருக்கும் இவ்வளவு தெரிந்தால் போதும்.

இத்தொகையில் முதலில் கவனிக்கத்தக்கது வரிசை. வில்லியம்ஸ் படத்தின் வரிசையைப் பின்பற்றவில்லை. படத்தில் இளவரசி மீட்கப்படுவது முன்னும், முதியவர் உயிர்விடுவது பின்னும் நிகழ்கின்றன. தட்டிலோ முதியவரின் சாவு இரண்டாம் பக்கத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. மீட்பு அதற்குப் பின்னர் வருகிறது. இளவரசியின் உருவம் முதன்முதல் தோன்றும் காட்சி படத்தின் முற்பகுதியில் உள்ளது. அதற்குரிய இசை தட்டில் பதினான்காம் பகுதியாக, மூன்றாம் பக்கத்தின் கடைசியில் நிற்கிறது. படத்தை மனத்தில் ஓட்டிக்கொண்டே தட்டைக் கேட்பவர் இங்கே தடுக்கி விழுவார். “இது என்ன குழப்பம்!” என்று அலுத்துக்கொள்வார்.

அகநானூற்றைத் தொகுத்த உருத்திரசன்மர் செய்ததும் இவ்வாறான ஒரு வேலையே. வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு புலவர் பாடிய நானூறு பாட்டுகளை எடுத்து, ஒற்றைப்படை எண் பெற்றவையெல்லாம் பாலை, 2, 8 என வருவன குறிஞ்சி, 4 என வருவன முல்லை, 6 என வருவன மருதம், 10 என வருவன நெய்தல் என்று அடுக்கினார். எந்தப் பாட்டு எப்போது பிறந்தது என்பது அந்த அடுக்கில் அழிந்துபோயிற்று. ஆனால் ஒவ்வொரு கூடலுக்கும் இருபுறமும் பிரிவு நிற்கும் அமைப்பு புதிதாகத் தோன்றியது. அதனைப் பாடியவர் எவரும் நினைத்திருக்க மாட்டார்; தொகுத்தவரின் ஆக்கம் அது. திரையிசைத் தொகையையும் இவ்வாறு தொகைநூலாகக் கொண்டு கேட்பதே முறை. படத்தை நினைவூட்டும் கைக்குறிப்பாகக் கொண்டால் அதன் சுவையில் பாதி போய்விடும்.

வில்லியம்ஸின் அடுக்கு என்ன ஆக்கத்தைத் தருகிறது? முதல் பக்கத்தின் மூன்றாம் பகுதி இளவரசியின் பண். படத்தில் அங்கும் இங்கும் துணுக்காக வரும் மெட்டு, இங்கே நான்கு நிமிடத்திற்குமேல் முழு உருவம் பெறுகிறது. கொம்பு ஒன்று தனித்து நின்று அம்மெட்டைப் பாடுகிறது. இறுதியில் தனி வயலின் உச்சத்தில் போய் அடங்குகிறது. கேட்பவர் செவியில் இது இளவரசியின் பண் என்று பதிந்துவிடுகிறது. அடுத்துப் பாலைநிலத்தையும் எந்திர மனிதரை விலைக்கு வாங்குவதையும் குறிக்கும் சிறுபகுதி. அத்தோடு தட்டின் பக்கம் முடிகிறது. கேட்பவர் எழுந்து தட்டைத் திருப்புகிறார். ஊசி பட்டவுடன் முதியவரின் சாவு. அவர் விழும்போது எழுவது, ஐயத்திற்கிடமின்றி, அந்த இளவரசியின் மெட்டே!

படம் பார்க்கும்போது இதனை உணர்ந்தோர் மிகச் சிலரே இருப்பர். கண் கத்தியைப் பார்க்கிறது. செவி துயரத்தை மட்டும் வாங்கிக்கொள்கிறது. தட்டில் கண்ணுக்கு வேலை இல்லாததால் கேள்வி எழுகிறது. முதியவருக்கென ஒரு மெட்டு இருக்க, அவர் சாவுக்கு இளவரசியின் பண் ஏன்? திணைமயக்கம் என்று தமிழிலக்கணம் கூறுவதை அறிந்தவருக்கு இக்கேள்வி புதிதன்று. நிலமும் காலமும் கருப்பொருளும் ஒன்றனுக்குரியது மற்றொன்றில் வந்து மயங்கலாம், உரிப்பொருள் மயங்கலாகாது. வில்லியம்ஸ் இங்கே மெட்டின் பெயரை விட்டுவிட்டு அதன் உரிப்பொருளைப் பிடித்துக்கொண்டார். அந்த மெட்டில் ஓர் ஏக்கம் உள்ளது. கைக்கெட்டாத ஒன்றைப் பார்த்து நிற்கும் ஏக்கம். அந்த நொடிக்கு அவரிடமிருந்த மெட்டுகளுள் அவ்வளவு நீண்டு ஏங்கத்தக்கது வேறில்லை. பெயர் இளவரசியினது, உணர்ச்சி எவருக்கும் உரியது. இரு பகுதிகளையும் இவ்வளவு அருகில் வைத்ததால்தான் இது செவிக்குத் தெரிகிறது.

இத்தொகையில் எல்லாமே சிறந்தவை என்று சொல்வதற்கில்லை. மூன்றாம் பக்கம் தளர்ந்த பக்கம். குப்பைக் கிடங்கில் அகப்பட்டோரை இருபுறச் சுவர்களும் நெருக்கும் காட்சிக்குரிய இசை அங்கே உள்ளது. பகுதியின் தலைப்பே சுவர் நெருங்குவதைச் சொல்கிறது. அத்தலைப்பாகிய துறைக்குறிப்பைப் படித்தவருக்கு இசை மூச்சைப் பிடிக்கும். தலைப்பை மறைத்துவிட்டால் கனத்த ஒலிகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுவதற்குக் காரணம் தெரியாது. தவிக்கும் பாட்டு என்று தொடக்கத்தில் கூறிய வகை இது.

நான்காம் பக்கமோ வேறு. இறுதிப் போருக்கு மட்டும் பன்னிரண்டு நிமிடம். படக்கொட்டகையில் இப்பகுதியை உண்மையில் கேட்டவர் எவருமிலர் என்றே கூறலாம். விண்கலங்களின் இரைச்சலும் வெடியோசையும் இசையை மூடிவிட்டன. தட்டில் அவை விலகியதும், பித்தளைக் கருவிகள் முழங்கும்போதே கீழே நரம்பிசைக் கருவிகள் ஓயாமல் ஓடிக்கொண்டிருப்பது தெரிகிறது. இசைக்குழுவினர் அத்தனை பேரும் உழைத்த உழைப்பு, தட்டு இல்லையேல் வெடியோசைக்கு உரமாகிப் போயிருக்கும்.

1997ஆம் ஆண்டில் இதே இசை இரண்டு குறுந்தட்டுகளாக மீண்டும் வந்தது. இம்முறை படத்தின் வரிசைப்படியே அடுக்கினர். முன்னர் விடப்பட்ட பகுதிகளையும் சேர்த்தனர். படத்தில் இடம்பெறாத மாற்று வடிவங்களையும் கொடுத்தனர். இசை கற்போர் இதனை வரவேற்றது முறையே. பழைய ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடுகளை அடியில் தரும் பதிப்புக்கு என்ன மதிப்போ அம்மதிப்பு இதற்கும் உண்டு. ஆனால் பாடவேறுபாட்டுப் பதிப்பை மடியில் வைத்துக்கொண்டு மாலைப்பொழுதில் பாட்டை நுகர்வார் அரியர். படவரிசையில் கேட்கும்போது ஒரு நிமிடத் துணுக்கு, இரண்டு நிமிடப் பதற்றம், சிறு மௌனம், மீண்டும் துணுக்கு என்று செவி தட்டுத் தடுமாறுகிறது. காட்சியின் வெட்டுக்காக எழுதப்பட்ட நிறுத்தங்கள் காட்சியின்றி ஒலிக்கின்றன. முதல் பக்கத்திற்கும் இரண்டாம் பக்கத்திற்கும் இடையே எழுந்து நடந்த அந்தச் சிறு இடைவெளியும் போயிற்று. இன்று பல பழைய படங்களின் இசை ‘முழுத்தொகை’ என்ற விளம்பரத்தோடு வருகிறது. முழுமை வேறு, நிறைவு வேறு.

வரிசையைத் தவிர வேகமும் ஒரு செய்தி. ஹிட்ச்காக் இயக்கிய ‘சைக்கோ’ படம் 1960ஆம் ஆண்டில் வந்தது. பெர்னார்ட் ஹெர்மன் காற்றிசையும் தோலிசையும் முற்றிலும் விலக்கி, நரம்பிசைக் கருவிகளை மட்டும் கொண்டு இசையமைத்தார். நீராடும் பெண்ணைக் கொலை செய்யும் காட்சிக்கு இசையே வேண்டா என்பது இயக்குநர் கருத்து. ஹெர்மன் அதனை மீறி எழுதினார். கேட்டுப் பார்த்த இயக்குநர் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். இவை பலர் அறிந்த செய்திகள். பலர் அறியாதது, 1975ஆம் ஆண்டில் ஹெர்மன் தாமே நேஷனல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவை நடத்தி அவ்விசை முழுவதையும் தட்டுக்காக மீண்டும் பதிவு செய்தமை. அவ்வாண்டு டிசம்பர் 24ஆம் நாள் அவர் மறைந்தார்.

அத்தட்டு படத்தைவிட மெதுவாகச் செல்கிறது. படத்தை நன்கறிந்தோர் பலருக்கு இது பிடிக்கவில்லை; முதுமையின் தளர்ச்சி என்றும் சொல்வர். கவனித்துக் கேட்டால் அத்தீர்ப்பு அவசரத் தீர்ப்பாகவே தோன்றும். தொடக்க இசையைப் படத்தில் கேட்கும்போது அது துரத்துகிறது, கேட்பவர் ஓடுகிறார். தட்டில் அதே இசை நின்று தாக்குகிறது. ஒவ்வொரு வெட்டுக்கும் இடையே உள்ள காற்று தெரிகிறது. பணத்தைத் திருடிய பெண் காரில் தனியே செல்லும் காட்சிகளிலும் படத்தில் இவ்விசையே மீண்டும் வருகிறது. காட்சியில் நடப்பதோ ஒன்றுமில்லை. ஒருத்தி கார் ஓட்டுகிறாள், அவ்வளவே. வரப்போகும் சாவை அவள் அறியாள், பார்ப்பவரும் அறியார். வயலின்கள் மட்டும் அறியும். படத்தின் கடிகாரத்திற்குக் கட்டுப்பட்டு எழுதியவர், அக்கடிகாரம் நின்றபின் அதே ஏட்டை எடுத்துத் தம் விருப்பப்படி வாசிக்கச் செய்தார். எழுத்து ஒன்றே, படிப்பு இரண்டு. எது மூலம் என்று வழக்காடுவதைவிட இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பது பயன் தரும்.

தட்டுக்கு வரவே இயலாத இசையும் உண்டு. சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ (1955) படத்திற்கு ரவிசங்கர் இசையமைத்தார். படத்தில் ஒரு பகுதியை மட்டும் பார்த்துவிட்டு, ஒரே தொடர் அமர்வில் பெரும்பாலானவற்றை வாசித்து முடித்தார் என்பது வரலாறு. மகள் துர்க்கா இறந்த செய்தியை அறியாமல் தந்தை ஊரிலிருந்து திரும்புகிறார். அவளுக்கு வாங்கிவந்த புடவையை எடுத்துக் காட்டுகிறார். தாய் உடைந்து அழுகிறாள். அவள் வாய் திறந்திருக்கிறது, குரல் கேட்கவில்லை. குரலை எடுத்துவிட்டுத் தார் ஷெனாய் என்ற வில்லிசைக் கருவியின் உச்ச ஒலியை ராய் அங்கே வைத்தார். அவ்வொலி அவள் அழுகையாகவே ஆகிறது. இதனைத் தனியே பிரித்துத் தட்டில் வைத்தால் கேட்பது ஒரு கருவியின் மேல்நிலைச் சுரங்கள் மட்டுமே. மூடிய குரல் இல்லாதபோது திறந்த ஒலிக்குப் பொருள் இல்லை.

ஆனால் அப்படத்தின் தலைமை மெட்டைப் பற்றி ரவிசங்கர் செய்த செயல் வேறு வழியைக் காட்டுகிறது. 1962ஆம் ஆண்டில் வெளிவந்த ‘இம்ப்ரொவைசேஷன்ஸ்’ என்ற தட்டில் அம்மெட்டை முதலாகக் கொண்டு புதிதாக விரித்து வாசித்தார். பட் ஷாங்க் என்ற அமெரிக்கர் குழலிசைத்தார். படத்திலிருந்து ஒன்றையும் வெட்டி எடுக்கவில்லை. விதையை எடுத்து வேறிடத்தில் ஊன்றினார். வங்கத்துச் சிற்றூர்ப் பாதை அதில் இருக்கிறதா என்றால் இருக்கிறது. அதனை அறியாதவர் கேட்டாலும் மெட்டு குறைவுபடுவதில்லை. பல்லவி ஒன்றை எடுத்துக்கொண்டு அரை நாழிகை விரித்துப் பாடும் மரபில் வளர்ந்த செவிக்கு இவ்வழி அயலானதாகப் படாது.

தமிழ்ப் படத்திற்கு வருவோமானால் நிலைமை சற்று வருந்தத்தக்கது. வீணை வித்துவான் எஸ். பாலசந்தர் 1954ஆம் ஆண்டிலேயே ‘அந்த நாள்’ படத்தைப் பாட்டே இல்லாமல் இயக்கிக் காட்டினார். அந்தத் துணிவைப் பின்பற்றியோர் மிகச் சிலர். 1976ஆம் ஆண்டில் ‘அன்னக்கிளி’யோடு வந்த இளையராஜா, பாட்டுக்கு எவ்வளவு உழைத்தாரோ அவ்வளவு பின்னணி இசைக்கும் உழைத்தவர். மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ (1979) போன்ற படத்தில் உரையாடல் குறைவு. இசையே பல இடங்களில் பாத்திரங்களின் நெஞ்சைத் திறந்து காட்டுகிறது. அவர் கருவியிசைத் தட்டுகள் வெளியிடாதவருமல்லர். 1986ஆம் ஆண்டில் ‘ஹவ் டு நேம் இட்’, 1988ஆம் ஆண்டில் ‘நத்திங் பட் விண்ட்’ என இரண்டு வந்தன. தமிழர் அவற்றை விரும்பிக் கேட்டனர். சொல்லில்லா இசையைத் தமிழர் கேளார் என்னும் சாக்கு அத்தோடு செல்லாததாயிற்று. எனினும் அவர் படங்களின் பின்னணி இசை, பாட்டுத் தட்டுகளைப் போலத் தனித்தொகையாக வெளிவருவது வழக்கமாகவில்லை.

2013ஆம் ஆண்டில் வந்த மிஷ்கினின் ‘ஓநாயும் ஆட்டுக்குட்டியும்’ விதிவிலக்கு. படத்தில் பாட்டு இல்லை. இளையராஜாவின் பெயருக்கு முன்னே ‘பின்னணி இசை’ என்று போடாமல் ‘முன்னணி இசை’ என்றே போட்டார்கள். சொல் விளையாட்டு என்று தள்ளிவிடாமல் எண்ணிப் பார்க்கத்தக்க மாற்றம் அது. ‘பின்னணி’ என்ற சொல்லே பின்னால் நில் என்று இசைக்கு இடும் கட்டளையாக இருந்திருக்கிறது. அப்படத்தின் இசை தனித்தொகையாகவும் வெளிவந்தது. நரம்பிசையே மேலோங்கி நிற்கும் அத்தொகையில், பாட்டை எதிர்பார்த்து வந்தவருக்கு முதல் சில நிமிடம் திகைப்பாக இருக்கும். மெட்டு எங்கே தொடங்குகிறது என்று தேடுவதை விட்டு, எந்தக் கருவி எதற்கு வழிவிடுகிறது என்று கேட்கத் தொடங்கியபின் அத்திகைப்பு நீங்குகிறது. இரண்டாம் முறை கேட்கும்போது படத்தின் இரவுத் தெருக்களை நினைத்துப் பார்க்கலாம். மூன்றாம் முறை அவற்றை மறந்துவிடலாம்.

அதற்கு முற்பட்ட படங்களின் இசையை விரும்புவோர் தாமே ஒரு வழி கண்டிருக்கிறார்கள். படத்தின் ஒலியிலிருந்து, பேச்சு வராத இடங்களாகப் பார்த்து நறுக்கி, ஒன்றோடொன்று ஒட்டி, தம்முள் பகிர்ந்துகொள்கிறார்கள். பாராட்டத்தக்க உழைப்பு. அந்த நறுக்குகளில் வயலின் எழும்பும் நேரம் பார்த்து யாரோ கதவைச் சாத்துகிறார்கள். குழல் தாழும் இடத்தில் மாட்டுவண்டி ஒன்று போகிறது. மெட்டு முழு உருவம் பெறும் தறுவாயில் ஒரு பாத்திரம் பேச வாயெடுக்க, நறுக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது.